இழவு யார் வீட்டில்?



சென்ற மாதம் செம்பூர்ப் பக்கம் ஒரு சாண்ட்விச் கடையை மூடிவிட்டார்கள். அந்தக் கம்பெனிக்கு இந்த ஊரில் இருந்த கடைகள் எல்லாமே ஒரே வாரத்தில் மூடப்பட்டன. கண்ணாடிக் கதவில் இங்கிலீஷில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். இத்தனை வருஷம் ஆதரவு தந்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தது. நன்றி யாருக்கு? உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு. உள்ளே நின்று ரொட்டி வெட்டியவர்களைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வரி கிடையாது.

கம்பெனியின் பெயரை இங்கே அச்சிடவில்லை. பயந்துகொண்டு அல்ல. விவகாரம் தொழிலாளர் அதிகாரி முன்னால் இருக்கிறது. அது முடிகிற வரை பெயர் வேண்டாம் என்று பாதிக்கப்பட்ட பிள்ளைகளே கேட்டுக்கொண்டார்கள்.

அந்தக் கடையில் ஒரு சாண்ட்விச் 320 ரூபாய். ஒரு காப்பி 190 ரூபாய். நம்மில் ஒருவரும் அங்கே போய் உட்கார்ந்தவர்கள் அல்ல. கடை மூடிய சேதி வந்ததும் இரண்டு விதமான சத்தம் கேட்டது. ஒன்று, அங்கே போய் வந்தவர்களின் ஒப்பாரி. மூடிய கதவின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இங்கேதான் முதல் முதலாகச் சந்தித்தோம், இங்கேதான் பரீட்சைக்குப் படித்தோம் என்று உருகினார்கள். இன்னொன்று, நம் பக்கத்துச் சிரிப்பு. மான்குர்த் ஸ்டேஷன் வெளியே கட்டிங் சாய் குடித்துக்கொண்டு நின்ற நம் ஆட்கள் என்ன பேசினார்கள்? “இருபது ரூபாய்க்கு வடா பாவ் கிடைக்கிற ஊரில் முன்னூற்று இருபதுக்கு ரொட்டி விற்றவன் ஒழிந்தான், நல்லதாய்ப் போயிற்று” என்றார்கள். நாமும் அங்கே நின்றோம். நாமும் சிரித்தோம். அதை மறைப்பதற்கில்லை.

அன்றைக்கு ராத்திரி சங்கத்து அறைக்கு ஒரு பெண் வந்தாள். நம் வரிசைக்கு அடுத்த வரிசையில் இருக்கிறவள். வயது இருபத்தொன்று. தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து மூட்டை தூக்கி இடுப்பு ஒடிந்தவர். தாயார் செம்பூரில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். அந்தச் சாண்ட்விச் கடையில் இரண்டு வருஷம் நான்கு மாதமாக இந்தப் பெண் வேலை செய்திருக்கிறாள். மாதம் 13,500 ரூபாய். ஒரு மாதமும் பன்னிரண்டு நாளும் சம்பளம் பாக்கி. முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு “நாளை வர வேண்டாம்” என்று போனில் ஒரு செய்தி. அவ்வளவுதான் நோட்டீஸ்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: “அண்ணாச்சி, கடைக்கு வெளியே நிக்கிறவங்க ஒண்ணு அழுறாங்க, இல்லேன்னா சிரிக்கிறாங்க. எங்க சம்பளம் என்னாச்சுன்னு ஒருத்தரும் கேக்கலை. நீங்களும் சிரிச்சீங்கன்னு அம்மா சொன்னாங்க.”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

இந்த நாட்டில் கடை மூடுவது புதிதல்ல. கஃபே காப்பி டே என்ற கம்பெனியை எல்லோருக்கும் தெரியும். 1996ல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் முதல் கடை திறந்தது. காப்பியும் சாண்ட்விச்சும் குளிர்ந்த காற்றும் சேர்த்து விற்றது. 2019 வாக்கில் நாடு முழுதும் 1,700 கடைகளுக்கு மேல் வைத்திருந்தது. அந்த வருஷம் ஜூலை கடைசியில் அதன் உரிமையாளர் சித்தார்த்தா காணாமல் போனார். இரண்டு நாள் கழித்து நேத்ராவதி ஆற்றில் உடல் கிடைத்தது. ஒரு மனிதனின் சாவைப் பற்றி நாம் ஒரு சொல்லும் குறைத்துப் பேசமாட்டோம். நாடே துக்கப்பட்டது, அது நியாயம். நாம் கேட்பது பிறகு நடந்ததைப் பற்றி.

கம்பெனிக் குழுமத்தின் கடன் சுமார் 7,000 கோடி என்றார்கள். பெங்களூர் டெக்னாலஜி பார்க், இன்னும் பல சொத்துக்களை விற்றார்கள். கடைகளையும் மூடினார்கள். 1,700க்கு மேல் இருந்தது 2024ல் 450 அளவுக்கு வந்து நின்றது. கடன் இரண்டாயிரம் கோடிக்குக் கீழே இறங்கியதும் செல்போனுக்குச் செல்போன் பாராட்டு பறந்தது. மூழ்கிய கப்பலைக் கரையேற்றினார்கள் என்று எழுதினார்கள். கப்பல் கரையேறியது சரி. வழியில் இறக்கிவிடப்பட்டவர்கள் எங்கே? கடைக்கு ஐந்து பேர் என்று குறைத்துப் போட்டாலும் 1,250 கடைக்கு ஆறாயிரத்துக்கு மேல் ஆள் வருகிறது. இது நம் மனக்கணக்கு. உண்மைக் கணக்கை எந்தப் பத்திரிகையாவது கேட்டு வாங்கி அச்சிட்டதா? பாராட்டியவர்களில் ஒருவராவது கேட்டாரா?

2017 ஜூன் கடைசியில் டெல்லியில் மெக்டொனால்ட்ஸ் கடைகள் 43 ஒரே மூச்சில் மூடப்பட்டன. இருந்தது 55. பங்காளிகளுக்குள் சண்டை, லைசன்ஸ் புதுப்பிக்கவில்லை. சுமார் 1,700 பேர் அதில் வேலை செய்தார்கள் என்று செய்தி வந்தது. அதாவது, செய்தியின் கடைசிப் பத்தியில் வந்தது. மேலே முழுக்க ஆலு டிக்கி பர்கர் இனி எங்கே கிடைக்கும் என்ற கவலை.

யாருக்கு அழ வேண்டும், யாருக்கு அழத் தேவையில்லை என்று இந்த நாட்டில் ஒரு வழக்கமே ஏற்பட்டிருக்கிறது. 1976ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அவசரநிலைக் காலம். அந்த வருஷம் டெல்லி கன்னாட் பிளேஸில் இருந்த காப்பி ஹவுஸை இடித்தார்கள். எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் கூடிப் பேசிய இடம். இன்றைக்கும் அதைப் பற்றிக் கட்டுரை வந்துகொண்டிருக்கிறது. அதே 1976 மே மாதம் இங்கே, நம் மான்குர்த்துக்குப் பக்கத்தில், பாபா அணுசக்தி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியை இடித்தார்கள். சுமார் 70,000 ஜனங்கள். தமிழர், முஸ்லிம்கள், மராத்தியர், எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்ச் சேற்று நிலத்தில் போட்டார்கள். அதுதான் இன்றைய சீட்டா கேம்ப். அங்கே எத்தனை டீக்கடை, எத்தனை இட்லிக்கடை, எத்தனை மளிகைக்கடை ஒரே நாளில் ஒழிந்தது! நம் பெரியவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரியும். அந்த டீக்கடைகளைப் பற்றி உருகிய கட்டுரை ஒன்றை இன்று வரை நாம் பார்த்ததில்லை.

1995ல் இந்த மாநிலத்தில் ஒரு ரூபாய்க்கு ஜுணுகா பாக்கர் என்று திட்டம் போட்டார்கள். சோளரொட்டியும் கடலைமாவுக் கூட்டும். ஐந்து வருஷத்தில் திட்டம் நின்றது. ஸ்டால் எல்லாம் வேறு வியாபாரத்துக்குப் போயிற்று. அதன் கதவு முன்னால் யாரும் போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதும் தாராவியிலிருந்து விடியற்காலையில் தலையில் இட்லி அண்டாவோடு புறப்படுகிற நம் ஆட்களை முனிசிபாலிட்டி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகிறது. தெருவோர வியாபாரிகளுக்குச் சட்டம் 2014லேயே வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, அண்டா முனிசிபாலிட்டி கோடவுனில் இருக்கிறது. அண்டாவுக்கு அழுகிறவர் யார்?

ஆகவே அழுகிறவர்களைப் பற்றி நமக்கு ஆச்சரியமில்லை. அவர்கள் தங்கள் நாற்காலிக்கு அழுகிறார்கள். நமக்கு இப்போது சண்டை நம் ஆட்களோடுதான். ஆம், சிரித்தவர்களோடு.

விலை அநியாயம் என்கிறீர்கள். அநியாயம்தான். அந்தப் பெண்ணிடமே கேட்டோம், உள்ளே அப்படி என்னதான் வைத்தீர்கள் என்று. ரொட்டி, இரண்டு துண்டு சீஸ், கொஞ்சம் கோழி, நாலு இலை. எல்லாம் சேர்த்து அறுபது, எழுபது ரூபாய்க்கு மேல் போகாது என்று மேனேஜரே சொல்வாராம். மீதி எங்கே போயிற்று? கட்டட வாடகைக்கு, வட்டிக்கு, விளம்பரத்துக்கு, புதுக்கடை திறப்பதற்கு, பெயருக்குக் கட்டுகிற கப்பத்துக்கு. கூலிக்குப் போனது எவ்வளவு? மாதம் 13,500ஐ இருபத்தாறு நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 519 ரூபாய். ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டு, தான் செய்த சாண்ட்விச் ஒன்றும் காப்பி ஒன்றும் அவள் வாங்கிச் சாப்பிட்டால் 510 ரூபாய். மிச்சம் ஒன்பது. பெஸ்ட் பஸ்ஸில் குறைந்த டிக்கெட் 2025 மே மாதத்திலிருந்து பத்து ரூபாய். நடந்துதான் மான்குர்த் வர வேண்டும். அந்த விலையை வைத்தது இவளா? அந்த விலைக்காக இவளைப் பார்த்தா சிரிப்பது?

வாடகை என்றோமே, அது எந்த மண்ணின் வாடகை? பரேல், லோயர் பரேல் பக்கம் போய்ப் பாருங்கள். 1982 ஜனவரி 18ல் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் நின்றார்கள். பல மில்கள் பிறகு திறக்கவே இல்லை. அப்போதும் மில்லை மூடினால் மூடட்டும், இவர்கள் திமிர் அடங்கட்டும் என்று சிரித்தவர்கள் உண்டு. ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று பெரிய மால். மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு முனிசிபாலிட்டிக்கு, ஒரு பங்கு வீடு கட்ட என்று 1991ல் விதி இருந்தது. 2001ல் விதியை மாற்றிக் கட்டடம் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு என்றார்கள். 2006ல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. தறி ஓடின இடத்தில் இப்போது சாண்ட்விச் விற்கிறது. தகப்பன் தறியில் நின்றான், மகள் ரொட்டி மேசையில் நிற்கிறாள். வாடகை இரண்டு காலத்திலும் ஒரே பெட்டிக்குத்தான் போகிறது.

இன்னொரு விஷயம். சங்கத்தில் நாங்கள் இரண்டு மூன்று பேர் ரயில்வே குமாஸ்தாக்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். பாஸ் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. கவுண்டரை மூடிவிட்டுப் போனில் செய்தி அனுப்ப முடியாது. அந்த நிழலில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவன் கடை மூடியதற்குச் சிரிப்பது சுலபம். நம் பிள்ளைகளுக்கு அந்த வேலை இனி இல்லை. பத்தாவது, பன்னிரண்டாவது படித்துவிட்டு மாலிலும் காப்பிக்கடையிலும்தான் போய் நிற்கிறார்கள். அதுவும் போனால் வாடகை பைக்கில் பிறத்தியார் சாப்பாட்டைச் சுமந்து ஓடுகிறார்கள். அங்கே முதலாளி யார் என்றே தெரியாது. வேலைக்காரனுக்கே ‘பார்ட்னர்’ என்று பட்டம். நம் வரிசையில் எத்தனை வீட்டில் இப்படி ஒரு சீருடை கொடியில் காய்கிறது என்று எண்ணிப் பார்த்தோம். இருபத்து நான்கு வீட்டில் ஒன்பது.

மூடின கடையை வேறு விதமாகப் பார்த்தவர்களும் இதே நாட்டில் இருந்தார்கள். கதை நம் பம்பாயில்தான் ஆரம்பம். 1936ல் சர்ச்கேட்டில் இந்தியா காப்பி ஹவுஸ் முதல் கடை திறந்தது. காப்பியை உள்நாட்டில் பரப்ப அரசாங்கத்தின் காப்பி செஸ் கமிட்டி நடத்தியது. பிறகு ஊர் ஊராகப் பரவியது. 1950களின் நடுவில், இனி இது எங்கள் வேலை இல்லை என்று காப்பி வாரியம் கடைகளை மூட ஆரம்பித்தது. பரிமாறுகிறவர்கள், சமையல்காரர்கள் எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களைக் கூட்டினார். கூட்டுறவுச் சங்கம் போடுங்கள், கடையை நீங்களே எடுங்கள் என்றார். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் சங்கம். அதே வருஷம் அக்டோபர் 27ல் டெல்லியில் கடை திறந்தது. 1958ல் திருச்சூர். தலைப்பாகை கட்டிப் பரிமாறுகிறவரே கடைக்கும் பங்காளி. 1976ல் டெல்லியில் இடித்தது இவர்களுடைய கடையைத்தான். வேறு இடத்தில் மறுபடியும் திறந்தார்கள். இன்றைக்கும் நாட்டில் ஏறக்குறைய 400 இந்தியன் காப்பி ஹவுஸ் இருக்கிறது. எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று சொல்லமாட்டோம். சில இடத்தில் நாற்காலி ஆடுகிறது, சில ஊரில் நஷ்டத்தில் மூடியும் விட்டார்கள். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் செய்தி அனுப்ப அங்கே தனியாக ஒரு முதலாளி இல்லை.

மான்குர்த்தில் நாளைக்கே கூட்டுறவு சாண்ட்விச் கடை திறக்கலாம் என்று ஆசை காட்ட நாம் வரவில்லை. முதலில் பாக்கியை வாங்குவோம்.

அந்தப் பெண்ணுக்கு வர வேண்டியது என்ன? சங்கத்து மேசையில் வைத்துக் கணக்குப் போட்டோம். சம்பளப் பாக்கி சுமார் 19,700. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தவருக்குக் கடை மூடும்போது ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம்: 13,500. வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம், இரண்டு வருஷத்துக்கு: 13,500. ஆக 46,700. பிராவிடண்ட் ஃபண்ட் தனி. அந்தக் கடை விலைக்கு 146 சாண்ட்விச். “ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரத்துல வித்துருவோம் அண்ணாச்சி” என்றாள்.

கம்பெனி நஷ்டத்தில் மூடியது, எங்கிருந்து கொடுப்பான் என்று கேட்கிறார்கள். நம் ஆட்களே கேட்கிறார்கள். இதற்குப் பதில் 1947 தொழில் தகராறு சட்டத்திலேயே எழுதியிருந்தது. தவிர்க்க முடியாத காரணத்தால் மூடினால் நஷ்டஈட்டுக்கு மூன்று மாதச் சம்பளம் உச்சவரம்பு; ஆனால் பண நெருக்கடி, நஷ்டம், சரக்குத் தேக்கம், குத்தகையோ லைசன்ஸோ முடிந்தது, இவை எதுவும் தவிர்க்க முடியாத காரணம் ஆகாது. புதிய சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் நமக்கு ஆகாதது நிறைய உண்டு. ஆலையை மூட அரசாங்க அனுமதி வேண்டும் என்பதற்கு முன்பு 100 தொழிலாளர் இருந்தால் போதும், இப்போது 300 வேண்டும் என்றாக்கிவிட்டார்கள். அதைத் தனியே எழுதுவோம். ஆனால் கடை மூடினால் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைக் கொடுத்துத் தீர வேண்டும் என்று அதிலும் இருக்கிறது. இரண்டு நாள்! இங்கே நாற்பது நாள் ஆகிறது.

கம்பெனி திவால் கோர்ட்டுக்குப் போனாலும் கதை முடியவில்லை. 2016 திவால் சட்டப்படி சொத்தை விற்றுப் பங்கு போடும்போது தொழிலாளியின் கடைசி இருபத்து நான்கு மாதச் சம்பளப் பாக்கி, ஈடு வைத்துக் கடன் கொடுத்த பாங்கிக்குச் சமமான வரிசையில் நிற்கிறது. பிராவிடண்ட் ஃபண்ட், கிராஜுவிட்டிப் பணத்தில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் பேர் கொடுத்தவனுக்குத்தான் பங்கு. பத்திரிகையில் பொடி எழுத்தில் விளம்பரம் வரும், கோரிக்கை மனு போடக் கடைசித் தேதி போட்டிருக்கும். பாங்கிக்காரன் அதைப் பார்க்க ஆள் வைத்திருக்கிறான். நம் பிள்ளைகள் அந்த நேரம் அடுத்த வேலை தேடி அலைந்துகொண்டிருப்பார்கள். விளம்பரத்தைப் பார்க்கிற வேலையைச் சங்கம் எடுத்துக்கொள்கிறது.

அந்தக் கடைகளில் வேலை செய்தவர்களில் மான்குர்த், கோவண்டி, சீட்டா கேம்ப் பக்கத்துப் பிள்ளைகள் பத்தொன்பது பேரை இதுவரை கண்டுபிடித்திருக்கிறோம். தமிழர் எட்டுப் பேர். மற்றவர்கள் மராத்தி, உ.பி., நேபாளிப் பிள்ளைகள். மனு எல்லோர் பேரிலும் ஒன்றாகத்தான் போகிறது. நம் ஆளுக்கு மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்ன பெரியவர் ஒருவருக்குச் சங்கத்தில் நல்ல பதில் கொடுத்தாயிற்று.

வேலைக் கடிதம் இருந்தால் அது, இல்லாவிட்டால் அடையாள அட்டை, சம்பளம் ஏறின பாங்கிப் பாஸ்புக், பிராவிடண்ட் ஃபண்ட் நம்பர், ‘வர வேண்டாம்’ என்று வந்த செய்தியின் போட்டோ, இவற்றோடு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கத்து அறைக்கு வரவும். சீருடைச் சட்டையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம், அதுவும் சாட்சிதான். செவ்வாய்க்கிழமை பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸ் காம்கார் பவனில் அதிகாரியைப் பார்க்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். பத்தொன்பது பேரும் வருகிறார்கள். டீக்கடையில் நம்மோடு நின்று சிரித்தவர்கள் அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வாருங்கள். நாங்களும் போட்டிருக்கிறோம்.